கலலூ விதை கைக்கு வந்தால்: வளர்ப்பு, விதையெடுப்பு, பகிர்வு

பர்மிங்ஹாமில் அலாட்மெண்ட் எனப்படும் வாடகைத் தோட்டத்தில் ஒரு துண்டு எடுத்திருக்கும் நண்பர் கேட்டிருக்கிறார்: பக்கத்துத் துண்டில் பயிரிடும் ஜமைக்கா நாட்டு முதியவர் ஒரு காகித உறையில் கலலூ என்னும் கரீபியக் கீரையின் விதை கொடுத்தார். இது நம் முளைக்கீரைதானா? இங்கிலாந்தின் குளிரில் எப்படி வளர்ப்பது? விதை எடுத்து மற்றவர்களுக்கும் கொடுக்கலாமா? ஊரிலிருந்து வந்த தண்டுக்கீரையும் அதே பாத்தியில் இருக்கிறது, அதனால் ஏதாவது கெடுமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை விட்டால் மற்றவை வீண். தின்பதற்கு மட்டும் வளர்த்தால் ஒன்றும் கெடாது. இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து வெட்டிச் சமைக்கலாம். விதைக்கு விடுவதானால் கெடக்கூடும். கலலூவும் நம் முளைக்கீரையும் தண்டுக்கீரையும் அமராந்தஸ் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இவற்றின் மகரந்தம் காற்றில் போகும். நெருங்கிய இனங்கள் ஒரே நேரத்தில் பூத்தால் கலந்துவிடும். அந்த முதியவர் உங்களிடம் கொடுத்தது பல கோடைக்காலங்களில் பொறுக்கிப் பொறுக்கிக் காப்பாற்றிய விதையாக இருக்கலாம். கீரை வளர்ப்பது எளிது. அந்த விதையை அதன் குணம் மாறாமல் வைத்திருந்து அடுத்த கைக்கு மாற்றுவதில்தான் வேலை இருக்கிறது. ஆகையால் என் பதிலின் பெரும்பகுதி அதைப் பற்றியே இருக்கும்.

முதலில், உறையில் இருப்பது எது என்று பார்த்துவிட வேண்டும். கரீபியத் தீவுகளில் கலலூ என்றால் எல்லா இடத்திலும் ஒரே செடி இல்லை. ஜமைக்காவிலும் கயானாவிலும் அது அமராந்தஸ் கீரை. டிரினிடாடில் கலலூ என்பது ஒரு குழம்பு: சேம்பின் இளம் இலை, வெண்டைக்காய், தேங்காய்ப்பால், பூசணி, சில வீடுகளில் நண்டும் சேர்த்து வேகவைத்து, மத்தால் கடைந்து, ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் வைப்பார்கள். அந்தச் சேம்பை அங்கே டஷீன் என்பார்கள். அமராந்தஸ் கீரையை, இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் வழியில், பாஜி என்பார்கள். 1845க்கும் 1917க்கும் இடையில் டிரினிடாடுக்கு மட்டும் ஏறத்தாழ 1,44,000 இந்தியர்கள் கப்பலேறினார்கள். பெரும்பாலோர் கல்கத்தா வழியாகவும் ஒரு பகுதியினர் சென்னை வழியாகவும் போனவர்கள். ஆகவே கரீபியக்காரர் ஒருவர் கலலூ விதை என்று கொடுத்தால், எந்தத் தீவு என்று கேட்பதுதான் முதல் வேலை. சேம்பு விதையாக உறையில் வராது. அது கிழங்காகக் கை மாறும். மிளகைவிடச் சிறிதாக, ஒரு மில்லிமீட்டர் அளவில், பளபளப்பான கறுப்பாக, லென்ஸ் வடிவத்தில் இருந்தால் உங்களிடம் இருப்பது அமராந்தஸ்.

அதிலும் எந்த இனம்? நூல்களில் ஜமைக்காக் கலலூவை அமராந்தஸ் விரிடிஸ் என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். நம் ஊரில் குப்பைமேட்டிலும் வரப்பிலும் தானாக முளைக்கும் குப்பைக்கீரை அதே இனம்தான். ஆனால் தோட்டங்களில் அந்தப் பெயரில் வளர்வதில் அமராந்தஸ் டூபியஸ், குரூயென்டஸ், டிரைகலர் ஆகியவையும் இருக்கின்றன. இலையை மட்டும் பார்த்துச் சொல்வது கடினம். பூக்கும்போது ஓரளவு தெரியும். விரிடிஸ் என்றால் நுனியில் மெல்லிய பச்சைக் கதிர் வரும், இலை முனையில் சிறிய பள்ளம் விழுந்திருக்கும், விதை சுருங்கிய தோலுக்குள்ளேயே மூடிக்கிடக்கும். குரூயென்டஸ் என்றால் தலையில் பெரிய அடர்ந்த பூங்கொத்து. டிரைகலர் இலைக்கணுக்களில் உருண்டை உருண்டையாகப் பூக்கும். தண்டுக்கீரை என்று நாம் வாங்குவது பெரும்பாலும் இந்த வகை. ஒன்றுக்கொன்று விலகிய இனங்களுக்குள் கலப்பு அரிது. ஆனால் உறையில் இருப்பது எது என்று உறுதியாகத் தெரியாத நிலையில், கலக்கும் என்றே வைத்துக்கொண்டு நடந்துகொள்வது நல்லது.

இந்தச் செடிக்கு ஜமைக்காவில் என்ன மதிப்பு என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே காலை உணவிலேயே கீரை உண்டு. தண்டைத் தோலுரித்து, இலையோடு நறுக்கி, வெங்காயம், வெங்காயத்தாள், தக்காளி, தைம் தழை, ஒரு முழு ஸ்காட்ச் பானட் மிளகாய் சேர்த்து, கீரையில் ஒட்டியிருக்கும் ஈரத்திலேயே மூடி வேகவைப்பார்கள். உப்பிட்டு உலர்த்திய காட் மீன் சேர்ந்தால் இன்னும் நல்லது. பக்கத்தில் அவித்த வாழைக்காயோ வறுத்த ஈரப்பலாவோ இருக்கும். நம் வீட்டுக் கீரைப் பொரியலை நன்றாக அறிந்த எவருக்கும் அந்த மணம் அந்நியமாக இருக்காது.

இந்த உணவுக்குப் பின்னால் கசப்பான வரலாறு இருக்கிறது. கரும்புத் தோட்டங்களில் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்களுக்கு முதலாளிகள் போதிய உணவு கொடுக்கவில்லை. ஜமைக்காவில், கரும்புக்கு ஆகாத மலைச்சரிவுகளில் அவர்களே தங்கள் உணவைப் பயிரிட்டுக்கொள்ள வேண்டும் என்று விடப்பட்டார்கள். கிழங்கும் கீரையும் அங்கே விளைந்தன. மிஞ்சியதை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் விற்றார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் கீரைச் சமையல் அறிவும் அமெரிக்கக் கண்டத்தின் கீரைச் செடிகளும் அந்தத் துண்டு நிலங்களில் சந்தித்தன. விதை எடுத்து வைப்பது அங்கே பொழுதுபோக்காக இருந்ததில்லை. அடுத்த பருவத்தில் வயிறு நிறைய வேண்டுமானால் விதை கையில் இருந்தாக வேண்டும்.

1948 ஜூன் 22 அன்று எம்பயர் விண்ட்ரஷ் கப்பலில் வந்த கரீபியக்காரர்கள் இங்கிலாந்தின் டில்பரித் துறைமுகத்தில் இறங்கினார்கள். அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் ஜமைக்காவிலிருந்தும் மற்றத் தீவுகளிலிருந்தும் ஆயிரமாயிரம் பேர் லண்டன், பர்மிங்ஹாம், லீட்ஸ், பிரிஸ்டல் நகரங்களில் குடியேறினார்கள். கடைகளில் அவர்கள் கீரை இல்லை. இன்றும் எளிதாகக் கிடைப்பது உப்பு நீரில் அடைத்த டப்பாக் கலலூ. புதுக்கீரையோடு அதை ஒப்பிடவே முடியாது. அதனால் மாநகராட்சியின் வாடகைத் தோட்டங்களில் இடம் பிடித்துத் தாங்களே விளைவித்தார்கள். ஒரு முழு அலாட்மெண்ட் துண்டு என்பது வழக்கமாக ஏறத்தாழ 250 சதுர மீட்டர். ஒரு குடும்பத்துக்குக் கோடை முழுவதும் கீரையும் குளிர்காலத்துக்கு உறையவைத்த கீரையும் கொடுக்க அதில் ஒரு மூலை போதும். பர்மிங்ஹாம் அடங்கிய மிட்லண்ட்ஸ் பகுதியில் இப்படி வேரூன்றிய வெளிநாட்டுப் பயிர்களையும் அவற்றை வளர்ப்பவர்களின் அறிவையும், இயற்கைமுறைத் தோட்டக்கலைக்கான கார்டன் ஆர்கானிக் என்னும் தொண்டு அமைப்பு ஒரு தனித் திட்டமாகவே எடுத்துப் பதிவுசெய்தது. பட்டாணியும் அவரையும் மட்டுமே இந்த நாட்டின் பாரம்பரிய விதை என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது கண் திறந்த வேலை என்பேன்.

இனி வளர்ப்பு. ஜமைக்கா 18 பாகை வடக்கு அகலாங்கில் இருக்கிறது. அங்கே ஆண்டின் மிக நீண்ட பகல் பதின்மூன்று மணி நேரத்தைச் சற்றே தாண்டும், மிகக் குறுகியது பதினோரு மணி நேரம். பர்மிங்ஹாமில் ஜூன் மாதப் பகல் பதினாறரை மணி நேரத்துக்கு மேல் நீள்கிறது. இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் செடியின் நடத்தை முழுவதும் விளங்கும். பகல் குறையும்போது பூப்பது பெரும்பாலான கீரை அமராந்தஸ்களின் இயல்பு. நீண்ட பகலில் அவை இலையை மட்டும் விட்டுக்கொண்டே போகும், கீரைக்கு அது நன்மை. ஆனால் ஆகஸ்டுக்குப் பின் பூத்து விதை முற்றுவதற்குள் அக்டோபர் உறைபனி வந்துவிடும், விதைக்கு அது ஆபத்து. இத்தனை ஆண்டுகளாக இங்கே விதை எடுத்துவந்த தோட்டங்களில் என்ன நடந்திருக்கும் என்று பாருங்கள். தாமதமாகப் பூத்த செடிகளின் விதை முற்றவில்லை, அவற்றின் வழி நின்றுபோனது. நேரத்தில் முற்றிய செடிகளின் விதை மட்டும் அடுத்த ஆண்டுக்குப் போனது. யாரும் திட்டமிடாமலே இங்கிலாந்துக்கு ஏற்ற கலலூ ஒன்று உருவாகிவந்திருக்கிறது. ஜமைக்காவிலிருந்து நேரடியாக வரும் விதையைவிடப் பக்கத்துத் துண்டுக்காரரின் விதை உங்களுக்கு மேலானது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். வெளிநாட்டிலிருந்து விதை கொண்டுவரத் தாவர நலச் சான்றிதழ் முதலிய விதிகளும் குறுக்கே நிற்கும். விதையோடு வரும் நோய்களைத் தடுப்பதற்கான அந்த விதிகளை மதிக்க வேண்டும். பெட்டியில் ஒளித்துக் கொண்டுவரும் பழக்கத்தை நான் ஆதரிக்க மாட்டேன்.

மண்ணின் சூடுதான் தொடக்கத்தில் எல்லாம். இருபது பாகை செல்சியசுக்கு மேல் இருந்தால் நாலைந்து நாளில் முளைத்துவிடும் விதை, குளிர்ந்த மண்ணில் கிடந்து அழுகும். ஏப்ரல் கடைசியில் ஜன்னலோரத்தில் தட்டில் விதையுங்கள். விதை மறையும் அளவுக்கு மட்டும் மேலே மண் தூவினால் போதும். ஆழத்தில் போட்டால் மேலே வர அதற்குத் தெம்பு இருக்காது. கையில் அப்படியே எடுத்துத் தூவினால் கற்றையாக விழும், உலர்ந்த மணலோடு கலந்து தூவுவது நம் ஊர் வழக்கம், இங்கும் அதுவே சரி. நாற்று நான்கு இலை விட்டதும் சிறு தொட்டிகளுக்கு மாற்றி, மே மாதக் கடைசியில் பகலில் வெளியே வைத்து இரவில் உள்ளே எடுத்துப் பழக்கி, உறைபனி பயம் நீங்கிய ஜூன் முதல் வாரத்தில் நடுங்கள். முப்பது சென்டிமீட்டர் இடைவெளி போதும். பாத்தியில் நன்கு மக்கிய உரம் வேண்டும், ஆனால் தழைச்சத்தை அள்ளிக் கொட்ட வேண்டாம். அமராந்தஸ் அதை நைட்ரேட்டாக இலையில் சேர்த்துவைக்கும். முதல் இரண்டு வாரம் ஓடில்லா நத்தைகள்தான் பெரும் பகை. ஒரே இரவில் வரிசை முழுவதும் போய்விடும். ஆகவே நாற்று நன்றாகத் தடித்த பிறகே வெளியே விடுங்கள். செடி ஒரு முழம் தொட்டதும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வெடித்துவரும். அதன் பிறகு வாரம் தவறாமல் வெட்டலாம். வேரோடு பிடுங்கி ஒரே தடவையில் முடித்துவிடுவதைவிடத் திரும்பத் திரும்பக் கிள்ளியெடுப்பது இந்தக் குறுகிய கோடையில் அதிக விளைச்சல் தரும். தரை இல்லாதவர்கள் பதினைந்து லிட்டர் தொட்டியில் இரண்டு செடி வைக்கலாம். தெற்குப் பார்த்த சுவரோரம் அதற்கு மிகவும் பிடிக்கும்.

மிஞ்சும் கீரையை இரண்டு நிமிடம் கொதிநீரில் போட்டு, குளிர்நீரில் ஆற்றி, பிழிந்து உறையவையுங்கள். கரீபிய வீடுகளில் குளிர்காலக் கலலூ இப்படித்தான் வருகிறது. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் வேகவைத்த நீரை ஊற்றிவிட வேண்டும், ஆக்சாலிக் அமிலத்தில் ஒரு பகுதி அதோடு போய்விடும். சிறுநீரக நோயாளிகள் கீரையின் அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

இப்போது விதைக்கு வருவோம். கீரைக்காக வெட்டும் செடிகளையும் விதைக்கான செடிகளையும் தொடக்கத்திலேயே பிரித்துவிடுங்கள். விதைக்கு விட்டவற்றில் ஜூலைக்குப் பிறகு கத்தி படக் கூடாது. வெட்டினால் பூப்பது தள்ளிப்போகும், இங்கே தள்ளிப்போக நாள் இல்லை. எத்தனை செடி என்றால், ஒன்றிரண்டு போதாது. ஒரே செடியின் விதை பல்லாயிரம் இருக்கும், ஒரு தெருவுக்கே போதும் என்று தோன்றும். ஆனால் ஆண்டுக்காண்டு ஒற்றைச் செடியிலிருந்து எடுத்தால் அந்த விதைக்குள் இருந்த வேறுபாடுகள் ஒவ்வொன்றாகக் கழன்றுபோகும். பிறகு ஒரு குளிர்ந்த கோடையோ புதிய நோயோ வந்தால் தாங்குவதற்கு அதில் எதுவும் மிச்சமிருக்காது. பத்துச் செடிக்குக் குறையாமல் விடுங்கள், இருபது இருந்தால் மகிழ்ச்சி. இடம் குறைவென்றால் பதினைந்து சென்டிமீட்டருக்கு ஒன்றாக நெருக்கி நடலாம். விதைக்கு அவை பருத்து நிற்கத் தேவையில்லை.

எந்தச் செடியை விடுவது? எல்லாவற்றுக்கும் முன்னால் அவசரமாகப் பூத்துவிட்ட செடியைத் தூக்கியெறியுங்கள். அதிலிருந்து விதை எடுத்தால், சில ஆண்டுகளில் முழங்கால் உயரத்திலேயே பூத்துவிடும் கீரைதான் மிஞ்சும். நம் ஊரில் கடைசியாகப் பூக்கும் செடியே சிறந்த விதைச்செடி என்பார்கள், வெப்பநாட்டுக்கு அது சரி. இங்கே அந்தக் கடைசிச் செடி முற்றாது. நன்றாக இலை கொடுத்து, நடுவாந்திரமாகப் பூத்து, செப்டம்பர் முடிவுக்குள் முற்றத் தொடங்கும் செடிகளே உங்களுக்கு வேண்டியவை. பூக்கும் முன்பே வரிசையில் நடந்து, தண்டில் செந்நிறக் கோடு விழுந்தவை, இலை வடிவம் விலகியவை, மண்ணில் பழைய விதையிலிருந்து தானாக முளைத்தவை எல்லாவற்றையும் பிடுங்கிச் சட்டியில் போட்டுவிடுங்கள். பச்சைத்தண்டு வகையில் திடீரென்று செந்நிறம் எட்டிப்பார்த்தால், கலப்பு நடந்திருக்கக்கூடும் என்பதற்கு அது நல்ல அடையாளம்.

கலப்பு எங்கிருந்து வரும்? உங்கள் தண்டுக்கீரையைவிட நான் அஞ்சுவது அலங்காரச் செடிகளை. சிவந்த சடைபோல் தொங்கும் பூவுக்காக இந்த நாட்டுத் தோட்டங்களில் அமராந்தஸ் காடேட்டஸ் வளர்க்கிறார்கள். உங்கள் கலலூ குரூயென்டஸ் வகையாக இருந்தால் அதற்கு நெருங்கிய உறவு அது. தரிசில் முளைக்கும் அமராந்தஸ் களைகளும் உண்டு. வயலில் எங்கும் முளைக்கும் சாம்பல் பூத்த இலைக் களையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது நம் சக்கரவர்த்திக் கீரை, வேறு பேரினம், கலக்காது. பிடுங்கினால் சமைக்கலாம், கரீபியக்காரர்களோ ஆங்கிலேயர்களோ அதைத் தொடுவது குறைவு என்பதால் முழுவதும் உங்களுக்கே கிடைக்கும்.

விதைப் பண்ணைகளில் இரண்டு வகைகளுக்கு நடுவே நூற்றுக்கணக்கான மீட்டர் இடைவெளி விடுவார்கள். பத்து மீட்டர் அகலத் துண்டில் அது நடவாது. நடைமுறையில் இரண்டு வழி உண்டு. ஒன்று, ஓர் ஆண்டில் ஒரே வகையை மட்டும் பூக்க விடுவது: இந்த ஆண்டு கலலூ, அடுத்த ஆண்டு தண்டுக்கீரை, மற்றதைப் பூ வரும் முன்பே வெட்டித் தின்றுவிடுவது. விதை நான்கைந்து ஆண்டு முளைப்புத்திறனோடு இருக்கும் என்பதால் இதில் நஷ்டம் எதுவும் இல்லை. எனக்கு இதுவே பிடித்த வழி. மற்றொன்று, பூங்கொத்துகளுக்கு உறை கட்டுவது. பூச்சி வலை இதற்கு உதவாது, காற்றில் வரும் மகரந்தத் தூள் அதன் கண்ணில் புகுந்துபோகும். நெருக்கமாக நெய்த துணியோ கனமான காகிதப் பையோ வேண்டும். பக்கத்துச் செடிகளின் தலைகள் இரண்டு மூன்றை ஒரே பைக்குள் சேர்த்துக் கட்டினால் தங்களுக்குள் மகரந்தத்தைப் பகிர்ந்துகொள்ளும். மொட்டு தெரியத் தொடங்கும்போதே கட்ட வேண்டும், பூத்த பிறகு கட்டிப் பயனில்லை. காற்றடிக்கும் நாளில் பை கழன்று போகாதபடி அடியில் ஒரு குச்சி ஊன்றிக்கொள்ளுங்கள்.

கதிரைக் கையில் வைத்துத் தேய்த்தால் கறுத்த விதை உள்ளங்கையில் உதிர வேண்டும். அதுவே அறுவடை நேரம். எல்லாம் ஒரே நாளில் முற்றாது, அடியில் முற்றி உதிரும்போது நுனியில் இன்னும் பூ இருக்கும். காய்ந்த ஒரு நாளின் பிற்பகலில் தலைகளை வெட்டிப் பெரிய காகிதப் பைக்குள் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். உறைபனி அறிவிப்பு வந்துவிட்டதென்றால் முற்றாத செடியையும் வேரோடு பிடுங்கி வீட்டுக்குள் தொங்கவிடலாம், பாதி முற்றிய விதை அப்படியே தேறிவரும். இரண்டு மூன்று வாரத்தில் நொறுங்கக் காய்ந்ததும் கையுறை போட்டுத் தேய்த்து உதிருங்கள், பூச்செதில்கள் சில வகைகளில் முள்ளாகக் குத்தும். விரிடிஸ் வகையாக இருந்தால் விதையைத் தோல் விடாது, இன்னும் அழுத்தித் தேய்க்க வேண்டும். பிறகு சல்லடை, அதன் பிறகு முறம். முறத்தில் புடைக்கத் தெரிந்த அம்மாவோ பாட்டியோ வீட்டில் இருந்தால் அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். பதர் தனியாகவும் விதை தனியாகவும் அவர்கள் பிரிக்கும் வேகத்துக்கு எந்த விதைக்கருவியும் ஈடாகாது. இந்த வேலையைத் தோட்டத்தில் செய்யாதீர்கள். சிந்தும் விதை ஆண்டுகள் கழித்தும் முளைக்கும், குளிர்ந்த உரக்குழியில் போட்டாலும் சாகாது, பக்கத்துத் துண்டுக்காரருக்குக் களையாகப் போய் நிற்கும்.

பிரித்த விதையை நிழலில் இன்னும் ஒரு வாரம் பரப்பி வையுங்கள். அடுப்பின் மேலோ ஹீட்டரின் மேலோ வேண்டாம், முப்பத்தைந்து பாகைக்கு மேல் சூடானால் முளைப்புத்திறன் கெடக்கூடும். பல்லில் வைத்துக் கடித்தால் நசுங்காமல் நொறுங்கினால் காய்ந்துவிட்டது. காகித உறையில் போட்டு, அந்த உறைகளை இறுக்கமான கண்ணாடிப் புட்டியில், அடியில் சிலிக்கா ஜெல் பொட்டலமோ வாணலியில் வறுத்து ஆறவைத்த அரிசியோ போட்டு, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். கொடுக்கும் முன் ஐம்பது விதையை ஈரத் துணியில் சுருட்டிச் சூடான இடத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு வாரத்தில் நாற்பதுக்கு மேல் முளைத்தால் தைரியமாகக் கொடுக்கலாம். பாதிகூட முளைக்காத விதையைக் கொடுப்பது, வாங்குபவரின் ஒரு கோடையை எடுத்துக்கொள்வதாகும்.

பகிர்வதில் நான் கண்டிப்பானவன். பெயரில்லாத உறையை வாங்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். ‘கலலூ’ என்று மட்டும் எழுதிய உறை பாதி ஊமை. எந்தத் தீவு, எந்த ஊர், யார் வீட்டு வழியாக வந்தது, இங்கே எந்த நகரத்தில் ஏறத்தாழ எத்தனை காலமாக வளர்கிறது, எந்த ஆண்டு அறுவடை, அந்த ஆண்டு பக்கத்தில் வேறு அமராந்தஸ் பூத்ததா, தண்டின் நிறம், எப்போது பூக்கும், அந்த வீட்டில் எப்படிச் சமைப்பார்கள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கொடுத்தவர் தம் பெயரைப் போட அனுமதித்தால் மட்டும் பெயர், இல்லாவிட்டால் ஊர் போதும். கலப்பு நேர்ந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் அதையும் எழுதிவிடுங்கள். கீரைக்கு மட்டும் பயன்படுத்துங்கள் என்று சொன்னால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். அளவைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரு கிராமில் ஆயிரத்துக்கு மேல் விதை இருக்கும், ஒரு சிட்டிகை ஒரு குடும்பத்துக்குப் போதும். இந்த ஒரு பயிரில் தாராளமாக இருக்க எந்த ஏழைக்கும் முடியும்.

யாருக்குக் கொடுப்பது என்பதும் முக்கியம். தின்பவர்களுக்கு முதலில் கொடுங்கள். கரீபியக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் பலர் டப்பாக் கலலூவை மட்டும் அறிந்தவர்கள், அவர்கள் கையில் விதை போய்ச்சேர வேண்டும். ஜனவரி பிற்பகுதியிலும் பிப்ரவரியிலும் பல ஊர்களில் விதைப் பரிமாற்றக் கூடல்கள் நடக்கின்றன. பிரைட்டனில் நடக்கும் சீடி சன்டே அவற்றில் பெயர்பெற்றது. ஓரிடத்தில் மட்டும் இருக்கும் விதை ஓர் எலியாலோ ஒரு முதியவரின் மறைவாலோ இல்லாமல்போகும். ஆகவே குறைந்தது இரண்டு வீடுகளில் அதே வகை இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். 1975இல் தொடங்கிய ஹெரிட்டேஜ் சீட் லைப்ரரி, கார்டன் ஆர்கானிக் அமைப்பின் ஓர் அங்கம். கடையில் கிடைக்காத காய்கறி வகைகளைத் தன்னார்வலர்களின் தோட்டங்களில் பெருக்கி உறுப்பினர்களுக்குக் கொடுக்கிறது. உங்கள் விதைக்கு நல்ல வரலாறு இருந்தால் அவர்களிடம் பேசிப் பார்க்கலாம். ஆனால் அதற்கு முன் அந்த முதியவரிடம் கேளுங்கள். விதை கொடுத்தவருக்குத் தெரியாமல் அதை ஒரு நிறுவனத்தின் பட்டியலில் ஏற்றுவது முறையில்லை. அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்.

மற்றக் கரீபியக் கீரைகளைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்கிறேன். டிரினிடாடில் ‘போய் பாஜி’ என்ற பெயரில் சமைப்பது நம் கொடிப்பசலை. இங்கே கண்ணாடிக்கூரை இல்லாமல் தேறாது, விதை முற்றாவிட்டாலும் தண்டைத் தண்ணீரில் வைத்து வேர்விடச் செய்து பகிரலாம். தமிழ்நாட்டில் சிலோன் பசலை என்று தொட்டிகளில் வளர்க்கும் தளதளப்பான கீரை உண்மையில் கரீபியம் உள்ளிட்ட வெப்பமண்டல அமெரிக்காவின் செடி. தண்டும் வேர்விடும், விதையும் தானே உதிர்ந்து முளைக்கும், பகிர்வதற்கு இதைவிட எளிய கீரை இல்லை. ஷாடோ பெனி என்னும் நீண்ட பல்லிலைத் தழை கொத்தமல்லி மணம் உடையது. கரீபிய மசாலா விழுதுக்கு உயிர் அது. முளைக்க மூன்று நான்கு வாரம் எடுக்கும், விதையை மண்ணால் மூடாமல் மேலே தூவி ஈரம் காத்தால் வரும், அரைநிழலில் வைத்தால் சீக்கிரம் பூத்துவிடாது. பொறுமை இல்லாதவர்களுக்கு விதையாகக் கொடுக்காமல் நாற்றாகக் கொடுங்கள். டஷீன் இலை வேண்டுமானால் கடையில் வாங்கும் சேப்பங்கிழங்கில் முளை வந்ததைச் சூடான இடத்தில் நடலாம். இலையை நன்றாக வேகவைக்காமல் வாயில் வைக்கக் கூடாது, தொண்டை அரிக்கும். அழகுக்கு வளர்க்கும் யானைக்காது இலைகளை அதுவென்று எண்ணிச் சமைத்துவிடவும் கூடாது, அவற்றில் நஞ்சுள்ளவை உண்டு.

கையிலிருக்கும் உறைக்கு இப்போது செய்ய வேண்டியது ஒன்று. எல்லா விதையையும் இந்த ஆண்டே விதைத்துவிடாதீர்கள். பாதியை அப்படியே மூடி, அந்த முதியவர் சொல்லும் விவரங்களை எழுதி, புட்டியில் எடுத்து வையுங்கள். கோடை மழையில் போனாலும், நத்தை தின்றாலும், செப்டம்பரில் முற்றாவிட்டாலும் அடுத்த ஏப்ரலில் மறுபடியும் தொடங்கலாம். அவரிடம் போகும்போது ஆகஸ்டில் எந்தச் செடியை அவர் விதைக்கு விடுகிறார் என்று நேரில் காட்டச் சொல்லுங்கள். அந்தத் தேர்வைப் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்ள அவருடைய துண்டைவிட நல்ல இடம் உங்களுக்குக் கிடைக்காது.